தம்புக்கா செய்வது எப்படி?

தம்புக்காவுக்கு வெல்லம் போட வேண்டுமா, உப்புப் போட வேண்டுமா? இரண்டு வாரமாக யோசிக்கிறேன், விடை கிடைக்கவில்லை. தம்புக்கா என்று ஒரு பண்டமே உலகத்தில் இல்லை என்பதுதான் சிக்கல்.

எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் ஒரு ஜப்பானியக் குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டுக்காரரும் என் கணவரும் ஓசூரில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறார்கள். இரண்டு வீட்டிலும் ஆறு வயதில் ஒரு பெண். அந்த வீட்டுக் குழந்தைதான் என் மகளுக்கு ஒரு விளையாட்டைக் கற்றுக்கொடுத்தது. ஓர் எழுத்தை எடுத்துக்கொண்டு, அதில் தொடங்கும் சாப்பாட்டுப் பெயர்களை மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். ஐந்து எண்ணுவதற்குள் வராவிட்டால் தோல்வி. அவரவர் வீட்டுச் சாப்பாட்டை அவரவர் சொல்லலாம். தெரியாத பெயர் வந்தால் நம்பிவிட வேண்டும்.

அன்று எங்கள் கூடத்தில் ‘த’ ஓடியது. அந்தக் குழந்தை ‘தமாகோ’ என்றது, முட்டையாம். என் மகள் தயிர்சாதம் என்றாள். அந்தக் குழந்தை ‘தகேனோகோ’ என்று மூங்கில் குருத்துக்குத் தாவியது. இவள் தட்டுவடை, தக்காளித் தொக்கு என்று தாக்குப்பிடித்தாள். பிறகு ஒன்றும் வரவில்லை. நான்கு எண்ணியாயிற்று. “தம்புக்கா!” என்று கத்தினாள்.

நான் வாயைத் திறப்பதற்குள், குழந்தையோடு வந்திருந்த ஜப்பானிய அம்மா நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டார். புதுச் சாப்பாட்டின் பெயர்களைக் குறித்துவைப்பது அவர் வழக்கம்.

“தம்-பு-கா. ஒன் டே, ஐ ஈட், ப்ளீஸ்?” என்று தலை குனிந்தார்.

அவ்வளவு மரியாதையாகக் கேட்பவரிடம், என் பெண் புளுகுகிறாள் என்று எப்படிச் சொல்வது? நானும் தலை குனிந்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

எதிர்வீட்டு அக்காவிடம் யோசனை கேட்கப் போனேன். அவர்கள் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். “அக்கா, தம்புக்கான்னு ஒண்ணு…” என்று இழுத்ததுமே, “அது உங்க தமிழாளுங்க ஐட்டம்தானே? நாங்க பண்ண மாட்டோம்மா” என்றார். பால் கடையில் தெலுங்கு பேசும் அம்மாவோ, “அது கன்னடக்காரங்க பண்டிகைக்குப் பண்றதும்மா” என்று அடித்துச் சொன்னார். எங்கள் ஊரில் தெரியாத பலகாரம் என்றால் அது பக்கத்து வீட்டு மொழிக்காரர்களுடையது. அப்படி ஒன்று இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

“எதையாச்சும் உருட்டிக் குடு, தின்னுட்டுப் போறாங்க” என்றார் கணவர்.

உருட்டினேன். மீந்த இட்லி மாவில் ராகி மாவு, வேர்க்கடலைப் பொடி, வெல்லம் கலந்து பணியாரக் குழியில் ஊற்றினேன். இனிப்பு அதிகமோ என்று பயந்து உப்புப் போட்டேன். உப்பு அதிகமோ என்று பயந்து மறுபடி வெல்லம்.

ஜப்பானிய அம்மா கண்ணை மூடிக்கொண்டு மூன்று சாப்பிட்டார். செய்முறையையும் எழுதிக்கொண்டார். எதிர்வீட்டு அக்கா ஒன்றை வாயில் போட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரிஜினல் இப்படி இருக்காதே?” என்றார்.

மறுநாள் காலை தலை பின்னும்போது மகள் கேட்டாள்: “அம்மா, நான் சும்மா அடிச்சு வுட்டேன்னு நெனச்சேன். நெஜமாவே இருக்குதுல்ல?”

“தலையை ஆட்டாம நில்லு” என்றேன். பொய் சொல்லக் கூடாது என்று தினமும் அவளுக்குச் சொல்கிறவள் நான்தான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் எல்லா வீட்டாரும் ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவந்து கூடிச் சாப்பிடப் போகிறோம். ஜப்பானிய அம்மா தம்புக்கா செய்கிறார். அது சரியாக வந்திருக்கிறதா என்று முதலில் ருசித்துச் சொல்ல வேண்டியவள் என் மகள். அவளும் பெருமையாக ஒப்புக்கொண்டுவிட்டாள்.

வாசிப்பவர்களே, அவளிடம் உண்மையை ஞாயிறுக்கு முன்னால் சொல்லட்டுமா, பின்னால் சொல்லட்டுமா? முன்னால் சொன்னால் அத்தனை பேர் நடுவில் குழந்தை என்ன செய்வாள்? பின்னால் சொன்னால் அதுவரை நான் யார்? அனுபவப்பட்ட அம்மாக்கள் தயவுசெய்து எழுதுங்கள். அல்லது எந்த மொழிக்காரர் வீட்டிலாவது தம்புக்கா என்று உண்மையிலேயே ஒன்று இருந்தால், சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். வெல்லமா, உப்பா என்பதையும் சேர்த்து.