அடுப்பை விட்டு நகர முடியாதவர்

ராக்கப்பனுக்கு ரத்தக் கொதிப்பு என்று ராஜபாளையம் அரசு ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவர் ஒன்றும் பயந்துவிடவில்லை. மாத்திரை இலவசம் என்றார்கள். கொதிப்புக்கு ஒன்று, உடம்பிலிருக்கும் நீரை இறக்க ஒன்று. காலையில் இரண்டையும் போட வேண்டும். ஓசியில் உயிர் கிடைத்தால் யாருக்குக் கசக்கும்?

அவருக்கு வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு பால்கோவாக் கடையின் பின்கட்டில். விடிகாலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புவார். விறகடுப்பில் பால் கொதிக்கக் கொதிக்கத் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். இறுகுகிற நேரத்தில் கையை எடுத்தால் அடிப்பிடித்துவிடும். ஆளுக்கொரு அடுப்பு, மாற்றிவிட ஆள் கிடையாது.

நீர் மாத்திரைக்கு அடுப்பைப் பற்றி என்ன தெரியும்? போட்ட கொஞ்ச நேரத்தில் முட்டிக்கொண்டு வந்தது. கக்கூஸ் சந்துக்கு அந்தப் பக்கம். அடக்கி அடக்கிப் பார்த்துவிட்டு ஓடினார். திரும்பி வருவதற்குள் பால் தீய்ந்திருந்தது. முதலாளி பால் காசைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். மறுவாரமும் அதே கதை. "இன்னொரு தடவ அடிப்பிடிச்சா வேற ஆளப் பாத்துக்கிடுவேன், ராக்கப்பா," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மனுஷன் என்ன செய்வார்? ஐம்பது தாண்டியவரை வேறு எந்த அடுப்பு கூப்பிடும்? மனைவி செல்வலட்சுமி காலையில் கையில் வைத்துக் கொடுக்கும் இரண்டில் ஒன்றை விழுங்கினார். நீர் மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் அடுப்புக்குள் எறிந்தார். மூத்திரத்தால் வேலை போகப் பார்க்கிறது என்று பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது? வெட்கம் அவர் வாயைக் கட்டிப்போட்டது.

அடுத்த பரிசோதனையில் கொதிப்பு குறையவே இல்லை. ஒழுங்காகப் போடுகிறாரா என்று டாக்டர் கேட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் செல்வலட்சுமி முந்திக்கொண்டாள். "நாந்தான் சார் கையில எடுத்துக் குடுக்கேன். ஒரு நாளு தவறல."

டாக்டர் நம்பினார். மூன்றாவதாக ஒரு மாத்திரை எழுதினார். அது ஆஸ்பத்திரியில் இருப்பில்லை, வெளியே வாங்கச் சொன்னார்கள். விலையைக் கேட்டதும் ராக்கப்பனுக்குத் தலை சுற்றியது. செல்வலட்சுமி கம்மலை அடகு வைத்தாள். துளை தூர்ந்துவிடாமல் காதில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டாள்.

தினமும் காலையில் அந்தக் குச்சிகளைப் பார்த்துக்கொண்டேதான் கையை நீட்டினார். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வரும். அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

ஆடிப்பூரத்துக்கு முந்தின நாள் கடையில் கூட்டம் நெரிந்தது. மூன்றாவது சட்டி இறுகிக்கொண்டிருந்தபோது அவர் கையிலிருந்து துடுப்பு நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தார். வலது கை வரவில்லை. அன்றைக்கும் பால் அடிப்பிடித்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தவரைப் பார்க்கப் பக்கத்து அடுப்புக்காரர் சமுத்திரம் வந்தார். அந்த வாரச் சம்பளத்தைக் கொடுத்தார். பால் காசு போக மிச்சம் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஊர் திரும்பியதும் செல்வலட்சுமி அவரைப் பழைய டாக்டரிடமே கூட்டிப்போனாள். அங்கேதான் ராக்கப்பன் கோணிய வாயால் எல்லாவற்றையும் சொன்னார், அடுப்பில் எறிந்த மாத்திரைகள் உட்பட. பாதி புரியவில்லை, புரிந்த பாதியே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

டாக்டர் திட்டவில்லை. "காலையிலதான் போடணும்னு இல்லையேய்யா. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்து போட்டிருக்கலாமே. ஒரு வார்த்தை கேட்டிருந்தா மாத்திச் சொல்லியிருப்பேனே."

"அப்போ அந்த மூணாவது மாத்திர, சார்?" என்றாள் செல்வலட்சுமி.

"அது தேவைப்பட்டிருக்காது."

அவள் காதுக் குச்சியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு அவருடைய செயலற்ற கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெனமும் அஞ்சு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துருவாக சார்," என்றாள்.