பதிலுக்கு ஏற்ற தெரு

போன வாரம் ஒருநாள், விடியாத காலை ஐந்தே முக்காலுக்கு, மாநில ஆட்சிக்குழு உறுப்பினர் ஒருவர், அதாவது மாநில அமைச்சர் மாதிரி, எங்கள் தெருவில் வந்து நின்றார். தேர்தல் இல்லை, வெள்ளம் இல்லை. பின்னே ஏன் வந்தார் என்கிறீர்களா? சட்டமன்றத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்...

எல்லாம் பக்கத்து வீட்டு வசந்தியால் வந்தது. ஃபேக்டரியில் வேலை. பஸ் பிடிக்க இருட்டிலேயே தெருமுனை வரை நடக்க வேண்டும். சுங்கைப் பட்டாணியில் எங்கள் தாமான் குடியிருப்பில் இந்தத் தெருவுக்கு நான்கு விளக்குக் கம்பங்கள். நான்கும் அணைந்து மாதக்கணக்காகிவிட்டது. அந்த இருட்டில்தான் மோட்டாரில் வந்த இருவர் அவள் பையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். கீழே விழுந்து முழங்கை பிசகியது.

"வேலைய விட்டுடலாம்னு இருக்கேண்ணே. பயமா இருக்கு," என்றாள். அந்த வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தோம். விளக்குக்காகப் புகார் மேல் புகார் எழுதினோம். கிணற்றில் போட்ட கல்தான்.

கடைசியில் ஒய்.பி.யிடம் போனோம் — எங்கள் சட்டமன்ற உறுப்பினரைச் சொல்கிறேன். வசந்தி சொல்லச் சொல்ல, மலாயில் எழுதிக் கொடுத்தது நான். அவர் அதையே சட்டமன்றத்தில் கேள்வியாகப் போட்டார். விளக்குப் பராமரிப்புக்கு ஒதுக்கிய பணம் எங்கே போகிறது? இந்தத் தெரு ஏன் இருட்டாகக் கிடக்கிறது?

அன்று வசந்திக்கு லீவு. அவள் வீட்டில் உட்கார்ந்து கைப்பேசியில் நேரலை பார்த்தோம். ஆட்சிக்குழு உறுப்பினர் எழுந்து, யாரோ எழுதிக் கொடுத்த தாளை அப்படியே வாசித்தார். "அந்தத் தெருவில் எல்லா விளக்குகளும் நன்றாக எரிகின்றன."

"எந்தத் தெருவ சொல்றாரு லா இவரு?" என்றாள் வசந்தி.

ஒய்.பி. சாதுவான மனிதர். அதட்டத் தெரியாது. துணைக் கேள்வியாக ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு என்னோடு வந்து காட்டுவீர்களா?" சபை சிரித்தது. "வருகிறேன்," என்றார் அவர். வேறென்ன சொல்ல முடியும்?

திங்கட்கிழமை மத்தியானம் லாரி வந்தது. ஏணி வந்தது. ஆறு பேர் இறங்கினார்கள். பொழுது சாய்வதற்குள் நான்கு கம்பத்திலும் புது விளக்கு. தப்பான பதிலைத் திருத்துவார்கள் என்று நினைத்திருந்தேன். தெருவையே திருத்திவிட்டார்கள்.

மறுநாள் ஆட்சிக்குழு உறுப்பினர் வெளிச்சத்தில் நின்று, "பார்த்தீர்களா, எரிகிறதே," என்றார். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. போட்டு உடைத்துவிடலாமா? அதற்குள் வசந்தி அவர் கையில் ஒரு டம்ளர் கோப்பியைக் கொடுத்துவிட்டாள். "ரொம்ப நன்றி டத்தோ. மாசா மாசம் இப்படியே வந்து பாத்துட்டுப் போங்க," என்றாள் மலாயில். ஒய்.பி. சிரிப்பை மறைக்க முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஏன் சும்மா விட்டே?" என்று கேட்டேன்.

"அவர ஜெயிச்சு நான் என்னண்ணே பண்றது? எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

தனியாகத்தான் நடந்து போனாள். முனை வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன். ஓர் இடத்திலும் அவள் பயந்து திரும்பிப் பார்க்கவில்லை. மனசு நிறைந்துபோயிற்று.

பையைப் பிடுங்கியவர்கள் மட்டும் இன்னும் சிக்கவில்லை. போலீஸ் மத்திய அரசின் பொறுப்பாம். சரி, நாடாளுமன்றத்தில் கேட்கச் சொல்லி எங்கள் எம்.பி.க்குக் கடிதம் எழுதிவிட்டேன்.

யாராவது எழுந்து, "பிடித்துவிட்டோம்" என்று ஒரு பொய் சொன்னால் போதும்.