படுக்க வைத்த ஸ்க்ரூ

என் அம்மாவின் சித்தப்பா மகளுக்குத் திருப்புளி என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது கல்யாணப் பத்திரிகையோடு போய்விட்டது. எனக்குச் சித்தி முறை. அச்சாகி வரும் போஸ்டரையும் பெயர்ப் பலகையையும் அட்டையிலோ தகட்டிலோ ஒட்டி, சுவரில் மாட்டிக் கொடுப்பது அவள் தொழில். இடுப்பில் சாவி செருகுகிற இடத்தில் ஸ்க்ரூ முடுக்கும் திருப்புளி செருகியிருப்பாள்.

சித்திக்குப் பிறவிச் சந்தேகம். பால்காரரைச் சந்தேகப்படுவாள், பாலையும் சந்தேகப்படுவாள். எந்தப் பலகையை மாட்டினாலும் நாலு ஸ்க்ரூவின் தலைக்கீறலையும் தரைக்குச் சமமாகப் படுக்க வைத்துவிட்டுத்தான் இறங்குவாள். யாராவது கழற்றித் திரும்ப மாட்டினால் கீறல் கோணிக்கொள்ளும். "என் கண்ணு அங்க இல்லேன்னாலும் ஸ்க்ரூ பார்த்துக்கும்" என்பாள்.

புதிதாகக் கட்டிய ஆஸ்பத்திரி ஒன்றில் கீழ்மாடிப் பலகைகள் அவளுக்குக் கிடைத்தன. சரியாக அமைந்தால் மேல்மாடியும் அவளுக்கே என்று மேனேஜர் சொல்லியிருந்தார். மேசையில் மாதிரிகளைப் பரப்பினாள்: கண்ணாடிச் சட்டம், இரட்டை டேப் ஒட்டிய பஞ்சு அட்டை, கூரையிலிருந்து சங்கிலியில் தொங்குவது, அலுமினியத் தகடு.

"டேப்பே போதும்மா. புதுச் சுவர், ஓட்டை போட வேண்டாமே" என்றார் மேனேஜர்.

"டேப்பா? இன்னிக்கு ஒட்டும், நாளைக்கு உங்க தலையில விழும். கண்ணாடி, படுக்கை தள்ளிட்டுப் போறப்ப இடிபடும். சங்கிலி காத்துக்கு ஆடும். தகடு வைங்க சார், ஸ்க்ரூ வைங்க."

அவளே ஜெயித்தாள்.

அந்த ஆஸ்பத்திரியில் மின்சார வேலை பார்த்தவர் அவளுடைய மருமகன். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மகளும் அவரும் சித்தி வீட்டிலேயே வந்து தங்கியிருந்தார்கள். அதிகம் பேசாத மனுஷன். பேசாதவர் என்பதே சித்திக்கு ஒரு சந்தேகம்.

பலகை மாட்டிய கொஞ்ச நாளில் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். கண்ணைக் காட்ட வந்த பெரியவர் ஒருவர் ஊசி போடும் அறைக்குள் போய், சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு அறைப் பலகையும் இடம் மாறிக் கிடந்தன.

"இப்படித்தான் மாட்டுவீங்களாம்மா? மேல்மாடியை யோசிக்கணும் போலிருக்கே."

சித்தி ஸ்டூலில் ஏறிப் பார்த்தாள். "சார், நான் படுக்க வச்சிட்டுப் போன ஸ்க்ரூ எழுந்து நிக்குது. உங்க ஆள் யாரோ கை வச்சிருக்கான். கண்டுபிடிங்க."

"திருப்புளி வச்சிருக்கிற ஆள் இங்க ஒருத்தர்தான்" என்றார் மேனேஜர். "நாளைக்குக் கூப்பிட்டு விசாரிக்கிறேன். அவர்தான்னா அன்னிக்கே கணக்கை முடிச்சு அனுப்பிடுவேன்."

அது தன் மருமகன் என்று அவருக்குத் தெரியாது. சித்தி சொல்லவுமில்லை. இறங்கி வரும்போது அவளுக்கே அவர் மேல்தான் சந்தேகம். தன் வீட்டில் தின்றுகொண்டு தன் வேலையிலேயே கை வைக்கிறாரா? ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள்.

வீட்டில் அதைத் தன் டப்பாவில் இருந்த ஸ்க்ரூவோடு சேர்த்துப் பிடித்தாள். இது குட்டை. ஆக, கழற்றியது மட்டுமில்லை, மாற்றியும் இருக்கிறது. மருமகன் சாப்பிட உட்கார்ந்தார். சித்தி தட்டுக்குப் பக்கத்தில் குட்டை ஸ்க்ரூவை வைத்து, மகளைப் பார்த்துப் பேசினாள்.

"இது யாரோடதுன்னு உன் வீட்டுக்காரரைக் கேளு."

"அம்மா, சாப்பிடும்போது ஏம்மா?"

"அவரைச் சாப்பிட வேண்டாம்னா சொன்னேன்? பதில்தானே கேக்கறேன்."

மருமகன் ஸ்க்ரூவைப் பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். "என்னோடதுதான் அத்தை. உங்க நீள ஸ்க்ரூ சுவருக்குள்ள ஒயரைத் தொட்டிருச்சு. பெருக்கற அக்கா ஈரத்துணியால தகட்டைத் துடைச்சிருக்காங்க, சுள்ளுன்னு அடிச்சிருக்கு. அதே ஒயர்தான் ரெண்டு பலகைக்கும் பின்னால ஓடுது. ரெண்டையும் கழட்டி, ஒயரைச் சரி பண்ணி, குட்டை ஸ்க்ரூ போட்டேன். அவசரத்துல இடம் மாறிப்போச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லலைன்னு கேளு."

"சொன்னா மேனேஜர் காதுக்குப் போகும். உங்க மேல்மாடி போயிடும்."

சித்தி நம்பவில்லை. மறுநாள் விடிந்ததும் பெருக்கும் அக்காவைத் தேடிப் போனாள்.

"தகடு ஷாக் அடிச்சுதா?"

"அடிச்சுதா இல்லையான்னு வாளியக் கேளுங்க. எகிறின எகிறுல அது அந்தக் கோடிக்குப் போயிருச்சு."

அப்புறமும் சித்தி பலகையைக் கழற்றி, பின்னால் கொத்தியிருந்த பள்ளத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒயரில் புதுக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அதற்குள் மேனேஜர் அறைக்கு மருமகன் போய்விட்டார். கதவுக்கு வெளியே சித்தி கொஞ்சம் நின்றாள். வாயை மூடிக்கொண்டால் மேல்மாடி மிஞ்சும், மகள் புருஷனுக்கு வேலை மிஞ்சாது. உள்ளே போனாள்.

"அவரை விடுங்க சார். ஒயரைத் துளைச்சது என் ஸ்க்ரூ. ஆளையே அடிச்சுப் போட்டிருக்கும். அவர் சரி பண்ணியிருக்கார். அவர் என் மருமகன். நேத்தே சொல்லியிருக்கணும்."

மருமகனுக்கு வேலை மிஞ்சியது. மேல்மாடி டேப்காரர்களுக்குப் போனது. முட்டி வலிக்கு மருந்து வாங்கப் போகும்போதெல்லாம் சித்தி மேல்மாடிக்கும் ஏறி, ஒவ்வொரு அட்டையின் மூலையையும் நகத்தால் நெம்பிப் பார்த்துவிட்டு வருவாள். இதுவரை ஒன்றும் விழவில்லை. அதிலும் அவளுக்கு ஒரு சந்தேகம்.

பேத்தி பிறந்ததும் படத்தைப் பெரிதாக அச்சடித்து, தகட்டில் ஒட்டி, கூடத்தில் மாட்ட நின்றாள். முதல் தடவையாக மருமகனிடம் நேருக்கு நேர் பேசினாள்: "மாப்பிள்ளை, ஒயர் எங்க ஓடுது?"

அவர் பென்சிலால் கோடு போட்டார். சித்தி அந்தக் கோட்டிலிருந்து இன்னும் ஒரு சாண் தள்ளித் துளை போட்டாள்.

"நான்தான் காட்டினேனே அத்தை!"

"காட்டினீங்க" என்றபடி, ஸ்க்ரூவை ஒவ்வொன்றாகப் படுக்க வைத்தாள்.