டிராம்பே பூநாரைகளும் ஐம்பது நிமிடக் கணக்கும்

தாராவியில் இட்லி அவித்து, சைக்கிளில் கொண்டுவந்து மாட்டுங்காவில் எங்கள் கட்டட வாசலில் விற்பவர் முருகேசன். பதினோரு வருடத்தில் ஒரு காலைகூடத் தவறியதில்லை. தவறினால் வாடிக்கை அடுத்த சைக்கிளுக்குப் போய்விடும். சயானுக்கு மேலே இளஞ்சிவப்பாக ஒரு கூட்டம் பறந்ததைப் பார்த்ததிலிருந்து அது என்ன பறவை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பூநாரை என்றேன். அது நிற்பதை ஒருமுறை கிட்டத்தில் பார்க்கவேண்டும் என்றார்.

பிப்ரவரி முதல் ஞாயிறு நான் தனியாக டிராம்பே படகுத்துறைக்குப் போயிருந்தேன். காலை 7.30க்குச் சேற்றில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக நின்றன. திரும்பி வந்து முருகேசனிடம் பெருமையாக அளந்துவிட்டேன். அதைக் கேட்டு அவர் ஒரு காலை விடுப்பு எடுத்தார். அடுத்த ஞாயிறு கிளம்பினோம். சயானிலிருந்து ஆட்டோ, 11 கிலோமீட்டர், 35 நிமிடம், 195 ரூபாய்.

7.20க்கு இறங்கினால் துறையின் கல்வரைக்கும் தண்ணீர். ஒரு பறவைகூட இல்லை.

"போன வாரம் இதே நேரம்னு சொன்னிய. வெறும் தண்ணியால்லா கெடக்கு," என்றார் முருகேசன்.

வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் இந்தியில் விளக்கினார். கடல் வற்றும் நேரம் தினமும் சுமார் ஐம்பது நிமிடம் பிந்துமாம். ஒரு வாரத்தில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் தள்ளிப்போய், வற்றியிருந்த வேளையில் கடல் ஏறி நிற்கும். பூநாரை சேற்றில் மேய்வது. தண்ணீர் ஏறினால் வேறு சதுப்புக்குப் போய்விடும். நானோ இருபது வருடமாக அதே 8.17 லோக்கல் ரயிலைப் பிடிக்கிறவன். கடலும் அப்படித்தான் வரும் என்று நினைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

காத்திருந்தோம். இட்லி எங்கே என்று கேட்டு முருகேசனுக்கு மூன்று போன் வந்தது. ஒவ்வொருவரிடமும் நாளைக்கு வருவதாகச் சொன்னார், எனக்கு இன்னும் சங்கடம்.

10.40க்குச் சேறு தெரிந்தது. பூநாரைகள் வரிசையாக வந்து இறங்கின. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்துச் சேற்றுநீரை வடிகட்டித் தின்னும் பறவை இது. காலில் பின்பக்கம் மடிவது முழங்கால் அல்ல, கணுக்கால். குஞ்சு சாம்பல் நிறம். தின்னும் பாசியும் சிற்றிறாலும்தான் பிறகு சிவப்பேற்றுகின்றன. இதையெல்லாம் சொன்னேன். முருகேசன் காதில் எதுவும் விழவில்லை. ஒரு மணி நேரம் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

போகிறவர்களுக்கு: நவம்பர் முதல் மே வரை போகலாம். முந்தின நாளே கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் போனில் பாருங்கள். ஏற்றம் முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் போனால் போதும். தொப்பி, தண்ணீர் அவசியம். துறையில் நிழல் கிடையாது. திரும்ப செம்பூருக்குப் பேருந்து உண்டு.

அந்தப் பேருந்தில்தான் முருகேசன் வாய் திறந்தார். "அப்ப எத்தனையோ நாள் மத்தியானம் இது இங்கதான நின்னுருக்கு. வியாவாரம் முடிச்சு நான் ஒறங்குத நேரம். லீவே போட்டுருக்க வேண்டாம், அண்ணாச்சி."



அடுத்த ஞாயிறு இட்லி கொடுக்கும்போது, இன்றைக்குக் கடல் எப்போது வற்றும் என்று கேட்டார். காலை ஏழு மணிக்கு என்றேன். அவர் எங்கள் வாசலில் நிற்கும் நேரம். முகம் வாடவில்லை, நாளுக்கு ஐம்பது நிமிடமாக விரல்விட்டு எண்ணினார்.

"சனிக்கிழம மத்தியானம் பன்னெண்டு. அன்னைக்கு ஒறங்க மாட்டேன்."