நாலாம் பந்தி

காலை ஆறு இருபது. முதலில் கண்டது ஒற்றைச் சப்பாத்து. கறுப்பு நிறம், கயிறில்லாதது, வெங்காயப் பாத்தியின் வரம்பில் கவிழ்ந்து கிடந்தது. அதற்குப் பத்தடி தள்ளி, கிணற்றுக் கட்டோடு ஒட்டி, மேசு மட்டும் போட்ட கால் ஒன்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

மூன்று பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் மண்வெட்டிப் பிடி. ஒருவர் கையில் பச்சைப் பூவரசங்கம்பு. மூன்றாமவர் காலால் உதைத்தார். அடி விழுந்த ஆள் முழங்காலில் இருந்தார். இடது கையால் தலையை மூடியிருந்தார். வலது கையை நெஞ்சோடு பொத்திப் பிடித்திருந்தார்.

நான் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே விழவிட்டு ஓடினேன். ஓடும்போது அடிகளை எண்ணினேன். இருபத்திரண்டு வருடம் செய்தி எழுதியவனுக்கு அது கைவிடாத பழக்கம். நான் வந்தபின் விழுந்தவை மட்டும் பதினொன்று.

அடிபட்டவர் பல்கலைக்கழகத்தில் மொழி வரலாறு கற்பிக்கிற விரிவுரையாளர். நெல்லியடியில் வீடு. மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்று தலைமுறை படித்த கிறிஸ்தவக் குடும்பம், ஊர்ப் பேச்சில் வேதக்காரர். மண்வெட்டிப் பிடி வைத்திருந்தவர் அந்தச் சண்டிலிப்பாய்க் காணியின் சொந்தக்காரரான தோட்டக்காரர். பூவரசங்கம்பு அவருடைய மனைவியின் தம்பி. உதைத்தவர் பக்கத்துத் தோட்டக்காரர். மூன்று நாளுக்கு முன் இதே கிணற்றுக் கட்டில் இவர்கள் எல்லோரும் இருந்து கப்பல் வாழைப்பழம் தின்றார்கள். நானும் தின்றேன்.

அந்தக் கிணற்றின் தெற்குப் பக்கம் மாரிக்கு இடிந்திருந்தது. அதைக் கட்டி எடுக்க மண் வெட்டியபோது ஏழடியில் ஒரு பானை அகப்பட்டது. கறுப்பும் சிவப்புமான பானை. மண் குத்திய இரும்பு அலவாங்கு பட்டு உடைந்துவிட்டது. ஓர் ஓட்டில் கீறல்கள் இருந்தன. தோட்டக்காரர் அதைக் கழுவி பிஸ்கற் ரின்னில் போட்டு வைத்துவிட்டுப் பத்திரிகைக்கு ரெலிபோன் எடுத்தார்.

"எலும்பு இருக்கோ?" என்று முதலில் கேட்டேன். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்போம். இங்கே மண்ணுக்குள் எலும்பு கண்டால் எந்த வருஷம் என்றுதான் கேள்வி. எந்த நூற்றாண்டு என்று யாரும் கேட்பதில்லை.

"இல்லைத் தம்பி, ஓடுதான். எழுத்துக் கிடக்குது."

எலும்பு இல்லாதபடியால் அது பிராந்தியப் பக்கத்துக்கான செய்தி. வாசிக்க ஆள் வேண்டும் என்று விரிவுரையாளரைக் கூட்டிப் போனேன். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் ஞாயிறு இதழில் இந்தோ-ஐரோப்பிய மொழிகள் பிறந்த கதையைப் பதினான்கு வாரம் எழுதினார். நான்தான் செப்பனிட்டேன். கருங்கடலுக்கு வடக்கே புல்வெளியில் மாடு மேய்த்த கூட்டம், வண்டியும் குதிரையுமாக ஐயாயிரம் வருடத்துக்கு முன் நாலு பக்கமும் பரவியது. அவர்கள் பேச்சின் வழிவந்தவைதான் பாரசீகமும் சமஸ்கிருதமும் இலத்தீனும் ஆங்கிலமும் சிங்களமும். போகும் வழியில் அவர்கள் பெண் எடுத்தார்கள், ஊர் எரித்தார்கள், சில இடங்களில் சும்மா வியாபாரம் செய்தார்கள். அந்தக் காலத்துக் குழி ஒன்றில் ஒரே குடும்பத்தார் மண்டை உடைந்து அடுக்கடுக்காகக் கிடந்ததை மூன்றாம் வாரம் எழுதியிருந்தார். தாயின் கைக்குள் பிள்ளை. ஆரை ஆர் கொன்றது என்று இன்னும் தெரியாது என்று முடித்திருந்தார். கடைசி வாரம் எங்கள் வாயில் இருக்கும் அந்தக் குடும்பத்துச் சொற்களைப் போர்த்துக்கேயத்திலிருந்து எடுத்துக் காட்டினார். அலுமாரி, கதிரை, சப்பாத்து, அலவாங்கு.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருந்தார். "ஆரியம் எண்டதை மொழிக்குப் போட்டாலும் ஆக்களுக்குப் போடாதையும். ஐரோப்பாவிலை அதை ஆக்களுக்குப் போட்டு எத்தினை சனத்தைக் கொலை செய்தவங்கள் எண்டு உமக்குத் தெரியும்."

அன்று கிணற்றடியில் அவர் ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆறு எழுத்து.

"இது சட்டிக்காரன்ரை பேர். இன்னாருடையது எண்டு கீறி வைச்சிருக்கிறான்."

"எங்கடை பொம்பிளையள் எவர்சில்வரிலை பேர் வெட்டுற மாதிரியோ மாஸ்டர்?" என்றார் தோட்டக்காரர்.

"அதேதான். கலியாண வீட்டுக்கு இரவல் போன சட்டி திரும்பி வரவேணுமெல்லோ."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு தோட்டக்காரர் கேட்டார். "தமிழோ?"

"எழுத்து அந்தக் காலத்திலை எல்லாருக்கும் பொது. மொழி பிராகிருதம். வடக்கத்தைய மொழி."

"அப்ப சிங்களமோ?"

"இல்லை. அதுக்கும் முந்தினது. சிங்களத்துக்கு இது பெரியம்மா எண்டால், இங்கிலீசுக்குத் தூரத்து மச்சாள்."

"பெரிய குடும்பம்போலை. அத்தான், சீதனம் கேட்டு வருவினம், கவனம்" என்றார் மைத்துனர்.

தோட்டக்காரர் அதற்குச் சிரிக்கவில்லை. அந்தக் காணியே சீதனக் காணி. மனைவிக்கு வந்தது. ஆவணியில் மகளுக்குக் கலியாணம். காணியை மகளின் பெயரில் எழுத நொத்தாரிசிடம் நாள் குறித்தாயிற்று. கிணற்றைக் கட்டத் தொடங்கியதும் அதற்காகத்தான். கிணறு இல்லாத தோட்டக் காணியை மாப்பிள்ளை வீட்டார் காணியாகக் கணக்கெடுக்கமாட்டார்கள். அவருடைய சொந்தக் காணி கீரிமலைப் பக்கம். இருபத்தாறு வருடம் இராணுவத்தின் முள்ளுக்கம்பிக்குள் இருந்தது. திரும்பக் கிடைத்தபோது வீடும் இல்லை, எல்லைக் கல்லும் இல்லை.

"பேப்பரிலை போடுவியள்தானே? என்ரை படத்தோடை போடுங்கோ" என்று அவர்தான் கேட்டார். நான் படம் எடுத்தேன். ஓட்டைக் கையில் வைத்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

நான் எழுதிய செய்தியில் நாலு பந்திகள். முதலாவது, கண்டெடுத்தது. இரண்டாவது, எழுத்து. மூன்றாவது, பிராகிருதம் எந்த மொழிக் குடும்பம், அதன் வழிவந்தவை எவை. நாலாவது பந்தியை விரிவுரையாளர் சொல்லச் சொல்ல எழுதி, வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் அவர் திருத்தினார். அது இது:

"அக்காலத்தில் பிராகிருதம் வணிகரும் துறவிகளும் ஊர்விட்டு ஊர் கொண்டுசென்ற பொதுமொழி. தமிழ்நாட்டில் தமிழ் பேசியோர் வாழ்ந்த இடங்களிலும் பிராகிருதப் பெயர் கீறிய ஓடுகள் கிடைத்துள்ளன. ஆகவே ஓர் ஓட்டின் மொழியை வைத்து அதைப் பாவித்தவர் எந்த மக்கள் என்றோ, அந்த நிலம் யாருக்கு உரியது என்றோ சொல்ல முடியாது."

பிராந்தியப் பக்கம் பின்னேரம் நாலரைக்கு மூடும். நாலு பத்துக்கு விளம்பரப் பகுதியிலிருந்து ஒரு மரண அறிவித்தல் வந்தது. கனடாவில் இறந்தவர், சண்டிலிப்பாயைப் பிறப்பிடமாகக் கொண்டவர். படத்தோடு, பேரப்பிள்ளைகள் பூட்டப்பிள்ளைகள் எல்லோர் பெயரோடும் இரண்டு பத்தி அகலம். யாழ்ப்பாணத்தில் எந்தப் பத்திரிகையும் மரண அறிவித்தலை நாளைக்கு என்று சொல்லாது. செய்தி சுருங்கும். செய்தியை அடியிலிருந்து வெட்டுவது வழக்கம். முக்கியமானது மேலே இருக்கும் என்று எங்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள். நாலாம் பந்தியை வெட்டினேன். அளவு சரியாக வந்தது.

தலைப்பும் நான் போட்டதுதான். "இந்தோ-ஐரோப்பிய" என்பது இரண்டு பத்திக்குள் அடங்கவில்லை. "சண்டிலிப்பாய்க் கிணற்றில் ஆரிய எழுத்து" அடங்கியது. மொழி என்ற சொல்லுக்கும் இடம் இருக்கவில்லை. செய்தியின் கடைசி வரி இப்போது "சிங்களமும் இக்கிளையிலிருந்தே பிறந்தது" என்பதாக இருந்தது. அதன் கீழ் தோட்டக்காரரின் சிரித்த படம்.

விரிவுரையாளருக்கு நான் இதைச் சொல்லவில்லை. தினமும் ஏதாவது ஒரு செய்தியின் வால் போகும். யாருக்கும் ரெலிபோன் எடுத்துச் சொல்வதில்லை. அடுத்த நாள் காலை சாய்ந்த வெயிலில் ஓட்டைப் படமெடுக்க வேண்டும், கீறல் அப்போதுதான் ஆழமாகத் தெரியும், ஆறரைக்கு வாரும் என்று அவர் சொல்லியிருந்தார். பத்திரிகை நெல்லியடிக்குப் போவதற்கு முன்னமே வீட்டைவிட்டு வெளிக்கிட்டார். அவர் வந்தபோது தோட்டக்காரர் வீட்டில் இல்லை, தேத்தண்ணிக்கடையில். மனைவி ரின்னை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். கடையில் பத்திரிகை வந்திருந்தது. யாரோ உரத்து வாசித்திருக்கிறார்கள்.

நான் மண்வெட்டிப் பிடியைப் பிடித்தேன். தோட்டக்காரர் என்னைத் தோளால் தள்ளினார்.

"தம்பி, நீங்கள் தள்ளி நில்லுங்கோ. உங்களோடை கதை இல்லை."

"நான்தான் எழுதினது."

"நீங்கள் இவன் சொன்னதைத்தானே எழுதினீங்கள்."

பூவரசங்கம்பு விரிவுரையாளரின் காதில் விழுந்தது. "வேதக்காரா, ஆரியன்ரை எழுத்தெண்டு ஆருக்கடா எழுதிக் குடுத்தனி? எவ்வளவு காலமாய் உந்த வேலை?"

"நாளைக்குத் தொல்பொருள்காரர் வந்து பலகை நடுவாங்கள்" என்றார் தோட்டக்காரர். அவருக்கு மூச்சு வாங்கியது. பேசும் இடைவெளியில் அடித்தார். "பிறகு கம்பி. பிறகு காவல் கொட்டில். கம்பிக்கு வெளியிலை நிண்டு என்ரை கிணத்தை நானே பாத்தனான். இருபத்தாறு வருஷம். என்ரை பிள்ளையும் பாக்கவேணுமோ? சொல்லடா!"

விரிவுரையாளரின் முன்பல் ஒன்று கீழுதட்டில் ஒட்டியிருந்தது. அவர் அதைத் துப்பவில்லை. "நாலாம் பந்தி" என்றார். யாருக்கும் விளங்கவில்லை. மறுபடியும் சொன்னார். "நாலாம் பந்தியை வாசியுங்கோ. அதிலை சொல்லியிருக்கு. நிலம் ஆற்றையெண்டு சொல்லேலாது எண்டு சொல்லியிருக்கு."

அடி நின்றது. தோட்டக்காரர் சறத்தின் மடியிலிருந்து நாலாக மடித்த பத்திரிகையை இழுத்து எடுத்து அவர் முகத்துக்கு நேரே விரித்தார்.

"காட்டு."

ஒரு கண் மூடிவிட்டது. மற்றக் கண்ணால் விரிவுரையாளர் பக்கத்தைப் பார்த்தார். விரலை வைத்து எண்ணினார். முதலாவது. இரண்டாவது. மூன்றாவது. விரல் அடுத்துப் போன இடத்தில் கனடாவில் இறந்தவரின் படம் இருந்தது. விரல் பட்ட இடமெல்லாம் இரத்தம். அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"இடம் காணாமல் வெட்டுப்பட்டுப் போச்சு" என்றேன். "அவர் சொன்னவர். நான்தான் வெட்டினனான்."

பக்கத்துத் தோட்டக்காரர் ஓர் அடி பின்னால் போனார். மைத்துனர் கம்பைத் தாழ்த்தினார். அத்தோடு முடியும் என்று நினைத்தேன்.

"இப்ப வெட்டினதெண்டு சொல்லுறீங்கள்" என்றார் தோட்டக்காரர், என்னைப் பாராமல். "வெட்டினதை ஆர் வாசிக்கப்போறான்? அச்சடிச்சதைத்தான் வாசிப்பாங்கள்." பிறகு விரிவுரையாளரிடம், "கையை விரி" என்றார்.

விரிவுரையாளர் விரிக்கவில்லை.

"மாஸ்டர், கையை விரியுங்கோ." இந்தத் தடவை மரியாதையாகவே சொன்னார்.

"இது உடைஞ்சால் வேறை இல்லை."

மைத்துனரும் நானும் ஒரே நேரத்தில் அசைந்தோம். நான் தடுக்க, அவர் பிடிக்க. அவர் முந்தினார். விரிவுரையாளரின் வலது கையைக் கிணற்றுக் கட்டில் வைத்து மணிக்கட்டில் ஏறி நின்றார். தோட்டக்காரர் இடிந்த பக்கத்தில் சாத்தியிருந்த அலவாங்கை எடுத்தார். கூரான பக்கத்தை மேலே பிடித்துத் தட்டையான பக்கத்தால் இறக்கினார். இரண்டு தரம். முதலாவதில் விரல்கள். இரண்டாவதில் ஓடு. இரண்டு சத்தமும் வேறு வேறாகக் கேட்டன.

பிறகு துண்டுகளைப் பொறுக்கிக் கிணற்றுக் கட்டில் பரப்பி இடித்தார். மிளகு இடிப்பதுபோல அவசரமில்லாமல் இடித்தார். செங்கல் நிறத் தூள் ஆனதும் கையால் வழித்துக் கிணற்றுக்குள் தள்ளினார். அப்போது அவர் மனைவி அடுப்படியிலிருந்து வந்தார். கையில் விருந்தாளிக்கு ஊற்றிய தேத்தண்ணி இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் கத்தினார்.

ஆஸ்பத்திரியில் பொலிஸார் வாக்குமூலம் எடுத்தபோது விரிவுரையாளர் நான் வருவதற்கு முன் விழுந்த அடிகளையும் சொன்னார். ஆறு. நான் எண்ணியதோடு கூட்டிப் பதினேழு என்று பதிந்தார்கள். அலவாங்கடியைத் தனியாகப் பதிந்தார்கள். என்னிடம் அவர் ஒன்றுதான் கேட்டார். ஓட்டின் படம் ஏதும் என்னிடம் இருக்கிறதா என்று. தோட்டக்காரர் அதைக் கையில் பிடித்துச் சிரிக்கும் படம் மட்டுமே இருந்தது. பெருப்பித்துப் பார்த்தோம். ஆறு எழுத்தில் நாலைப் பெருவிரல் மறைத்திருந்தது.

தாக்குதல் செய்தியை நான் எழுதினேன். அது முதற்பக்கத்தில், கிணற்றின் படத்தோடு, ஒரு வரிகூட வெட்டப்படாமல் வந்தது. பிராந்தியப் பக்கத்துச் செய்தியைக் கொழும்பில் யாரும் கவனித்திருக்கவில்லை. இதை எல்லாப் பத்திரிகைகளும் எடுத்துப் போட்டன. ஒன்பதாம் நாள் இரண்டு வாகனத்தில் தொல்பொருள் அதிகாரிகள் வந்தார்கள். தோட்டக்காரர் அப்போது விளக்கமறியலில் இருந்தார். அவர் மனைவி ரின்னைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றும் இல்லை. அவர்கள் இடிந்த பக்கத்து மண்ணை அரித்தார்கள். எழுத்தில்லாத ஓடுகள் இன்னும் இருந்தன.

நாலாம் பந்தியை அடுத்த வாரம் திருத்தச் செய்தியாகப் போட்டோம். ஆவணியில் கலியாணம் நடக்கவில்லை.

கிணற்றைச் சுற்றி இப்போது நாலு கொங்கிறீட் கட்டையும் ஒரு பலகையும் நிற்கின்றன. வெங்காயத்துக்குத் தண்ணீர் பக்கத்துக் காணியிலிருந்து குழாயில் வருகிறது.