செய்தியில் விழுந்த ‘மறுகா’

கடித உறைகளைப் பிரிப்பதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது என் பழக்கம். ஒட்டிய இடத்தில் வேறு பசை தெரிகிறதா, முத்திரை எந்த ஊரில் குத்தப்பட்டது என்று பார்ப்பேன். கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்த என் கணவர் சிரிப்பார். “இவ பொலிசுக்குப் போயிருக்க வேணும். தவறிப் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டா.”

சிரிக்கட்டும். எங்கள் ஒரே மகள் அப்போது கொழும்பில், வானொலியில் தமிழ்ச் செய்தி வாசிப்பவளாகத் தகுதிகாண் காலத்தில் இருந்தாள். ஆறு மாதம் முடிய நிரந்தரமாக்குவார்கள், அல்லது வீட்டுக்கு அனுப்புவார்கள். எனக்குத் தெரிய மட்டக்களப்புப் பிள்ளை ஒன்று அந்த ஒலிவாங்கிக்கு முன் இருந்ததில்லை. அவர்கள் ஏன் இவளை எடுத்தார்கள் என்பதே எனக்குச் சந்தேகம்.

எல்லாம் அவள் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு படத்தில் தொடங்கியது. எங்கள் மட்டக்களப்புப் புளியந்தீவில் ஆங்கிலம் படிப்பித்த அமெரிக்கப் பாதிரியார் ஒருவர், தன் ஊரிலிருந்து வந்த சஞ்சிகைகளை மாணவிகளுக்குக் கொடுப்பார். ஒன்றில் கறுப்பினப் பெண் ஒருத்தி மேசையில் கைகளை வைத்துக்கொண்டு ஒரு கமெராவைப் பார்த்தபடி இருந்தாள். தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவளாம். நாங்கள் தொலைக்காட்சியைக் கண்டதில்லை. மகள் அந்தப் பக்கத்தை வெட்டித் தன் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டினாள். இந்த வெள்ளைக்காரர் என் பிள்ளைக்கு எதைப் பழக்குகிறார் என்று அறிய, அடுத்த வகுப்புக்கு நானும் கூடவே போய் இருந்தேன்.

அவர் தமிழிலேயே சொன்னார். “முதல் நாள் அவவைக் கண்டதும் நிறையப் பேர் நிலையத்துக்கு ஃபோன் எடுத்தார்கள். இந்த முகம் எங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது என்றார்கள்.”

“மறுகா, பாதர்?” என்று கேட்டாள் மகள்.

“மறுகா என்ன, அடுத்த நாளும் அதே முகம்தான் வந்து செய்தி வாசித்தது.”

என்னால் பொறுக்க முடியவில்லை. “‘பிறகு’ எண்டு சொல்லுங்க பாதர். ‘மறுகா’ இஞ்சத்தப் பேச்சு. எழுத்தில வராது.”

“டீச்சர், இந்தச் சொல்லை எனக்குத் தந்ததே உங்கட பிள்ளைகள்தான். திருப்பிக் கேட்கிறீர்களே?”

நான் தமிழாசிரியை. மாணவர்களின் கட்டுரைகளில் ‘மறுகா’வைக் கண்டால் சிவப்பு மையால் வெட்டி மேலே ‘பின்னர்’ என்று எழுதுவேன். இருபது வருடமாக அப்படித்தான்.

பாலத்தால் நடந்து வரும்போது மகள் சொன்னாள். “அந்தப் பொம்புளைக்கு முகத்த மாத்தேலாதம்மா. எனக்கு நாக்குத்தானே. மாத்திப்போடலாம்.”

“ஆரு உன்ன மாத்தச் சொன்ன? அந்த பாதரா?”

“ஒருத்தரும் சொல்லல்ல. நீங்கதானே சின்னனில இருந்து வெட்டிக்கிட்டு வாறீங்க.”

பிறகு கொழும்பு, வானொலி வேலை. கன்னியாஸ்திரிகளின் விடுதியில் இருந்தாள். கிழமைக்கொரு கடிதம், வாரம் தவறாமல் வரும். மூன்றாம் மாதம் எழுதினாள்: ‘இந்தக் கிழமையிலிருந்து ஞாயிறு மதியச் செய்தியை நான் வாசிக்கிறேன். தகுதிகாண் காலத்தில் பெயர் சொல்ல விடமாட்டார்கள். குரலை வைத்துக் கண்டுபிடியுங்கள்.’

அந்த ஞாயிறு பக்கத்து வீட்டு மருத்துவிச்சியும் வந்திருந்தாள். செய்தி தொடங்கியது. குரல் தாழ்ந்து, ஒவ்வொரு சொல்லும் கத்தரித்தது போல வந்தது. எங்கள் ஊர் இழுவை எங்கும் இல்லை. என் மகள் ‘ழ’வைச் சொன்னால் அதில் கொஞ்சம் ‘ள’ கலந்திருக்கும். இதில் அதுவும் இல்லை.

“இது உன்ட புள்ளையா, கா?” என்று எங்கள் ஊர் விளியோடு கேட்டாள் மருத்துவிச்சி. “ஆரோ கொழும்பு ஆள் மாதிரிக் கிடக்கு. நீ பெத்தத மாத்திப் போட்டாங்களோ தெரியா. நான் கையால எடுத்த புள்ள, எனக்கே தெரியல்ல.”

அவள் பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் வாசித்தது என் மகள் இல்லையென்றால், ஞாயிறு மதியத்தில் அவள் எங்கே? யாரோடு? பழைய கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்தேன். கடைசி இரண்டில் மை நீலத்திலிருந்து கறுப்பாகியிருந்தது. யாருடைய பேனை?

“மை முடிஞ்சா வேற மை வாங்கமாட்டாளா?” என்றார் கணவர். “அவள் எழுதினத்த நம்பு, கா.”

நம்பவில்லை. அவருக்குச் சொல்லாமல் செய்திப் பொறுப்பாளருக்கு எழுதினேன். ‘ஞாயிறு மதியச் செய்தியை வாசிப்பது தானே என்று என் மகள் எழுதுகிறாள். அந்தக் குரல் என் மகளுடையதாக எனக்குத் தெரியவில்லை. வாசித்தது யார் என்று அறியத்தர வேண்டும்.’

பத்து நாளில் பதில் வந்தது. இரண்டு வரி. ‘வாசித்தவர் தங்கள் மகளே. தங்கள் கடிதம் அவருக்கும் காண்பிக்கப்பட்டது.’

முதல் வரியை நான் நம்பவில்லை. இரண்டாவது வரியைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். அந்தக் கிழமை மகளிடமிருந்து கடிதம் வரவில்லை.

ஞாயிறு வந்தது. அதே அந்நியக் குரல் வாசித்துக்கொண்டு போனது. விலைவாசி, துறைமுகம், ஒரு அமைச்சரின் கிழக்குப் பயணம். “அமைச்சர் வெள்ளம் பாதித்த வயல்களைப் பார்வையிட்டார். மறுகா,” என்று சொல்லி, ஒரு மூச்சு நின்றது. “பின்னர், விவசாயிகளைச் சந்தித்தார்.”

அந்த ஒரு சொல் மட்டும் எங்கள் இழுவையோடு வந்தது. கடைசி ‘கா’ நீண்டு, கேள்வி கேட்பது போல மேலே போனது. வானொலிப் பெட்டிக்குள் இருந்தது என் பிள்ளை.

கணவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “இப்ப என்ன சொல்றாய்?”

நான் எழுந்து குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றேன்.

அந்தச் சொல்லுக்காக நிலையத்துக்கு அஞ்சலட்டைகள் போயின. கொச்சைத் தமிழ் பேசுகிறவர்களை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்களாம். அவளை ஒலிவாங்கியிலிருந்து எடுத்து மொழிபெயர்ப்பு மேசைக்கு மாற்றினார்கள். ஆறாம் மாதம் முடிய அவளைப் பற்றித் தீர்மானிக்கக் கூட்டம் நடந்தது. அன்று முழுவதும் வகுப்பில் என்ன படிப்பித்தேன் என்று இன்றும் தெரியாது.

அவளை நிரந்தரமாக்கினார்கள். எப்படி என்று அவளே எழுதினாள். கோப்பில் ஒரு பக்கம் அஞ்சலட்டைகள், மறுபக்கம் என் கடிதம். பொறுப்பாளர் என் கடிதத்தை எடுத்து, பெற்ற தாயே அடையாளம் காணாத அளவுக்கு இந்தப் பெண்ணின் உச்சரிப்பு திருந்தியிருக்கிறது, இதைவிட என்ன சான்று வேண்டும் என்று கேட்டாராம். அதோடு கூட்டம் முடிந்ததாம். அந்த வரிகளுக்குக் கீழே அவள் வேறொன்றும் எழுதவில்லை. நன்றி என்றும் இல்லை, கோபம் என்றும் இல்லை. அந்தத் தாளைப் பலமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

சித்திரை வருடப்பிறப்புக்கு வந்தாள். வந்தவள் எங்களோடு பேசும்போது பழைய இழுவையும் ‘ள’வும் அப்படியே இருந்தன. பெட்டியைத் திறந்தபோது மூடியில் அந்தப் படமும் இருந்தது, ஓரம் மஞ்சளாகி. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் மீன் வெட்டிக்கொண்டிருந்தவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

“புள்ள, அண்டைக்கு அந்தச் சொல்லு வாய் தவறி வந்ததா? இல்லாட்டி எனக்காகச் சொன்னியா?”

“வாய் தவறினதெண்டு அவங்களுக்கு எழுதிக் குடுத்திட்டன்.”

“அது அவங்களுக்கு. எனக்குச் சொல்லு.”

அவள் கத்தியைக் கழுவினாள். என்னைப் பார்க்கவில்லை.

“மறுகா சொல்லுறன்,” என்றாள்.

இன்னும் சொல்லவில்லை.