வீடு பார்க்க ஆள் வருகிறார்கள்

வீட்டை விற்பது தரகர் வேலை. விற்கிற மாதிரி ஆக்குவது என் வேலை. மஸ்கட்டில் ஒரு ஹோட்டலில் அறைகளை ஒழுங்குபண்ணும் வேலையில் இருந்துவிட்டு நாகர்கோவிலுக்குத் திரும்பினேன். தரகு பார்க்கும் என் சித்தப்பா மகன் ஸ்டீபன், யாரும் வாங்காமல் கிடந்த ஒரு வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போய், இதை என்னவாவது செய்யுங்க அக்கா என்றான். அன்றைக்குப் பிடித்தது இந்த வேலை. முன்பின் தெரியாதவர்கள் உங்கள் குளியலறைக் குழாயைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்குவதை, சிரித்த முகத்தோடு நின்று பார்த்திருக்கிறீர்களா? அப்படியானால் நாம் ஒரே சாதி.

சுவரில் கட்டங்கள்

மண்டைக்காட்டுப் பக்கம் ஒரு வீட்டில் ஹால் முழுக்கச் சாமி படங்கள். வாங்க வருகிறவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரோ, சுவர் சும்மா இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் மரியாதையாக இறக்கித் துணி சுற்றி வைத்தேன். இறக்கிய பிறகுதான் தெரிந்தது, படம் இருந்த இடமெல்லாம் பளிச்சென்று பச்சைக் கட்டம், சுற்றிலும் மங்கல். பெயின்ட் அடிக்க நேரமில்லை, ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். வந்த அம்மாள் அதை விலக்கிவிட்டு, அந்தக் கட்டங்களையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சாமியெல்லாம் எங்க? அவங்களே இங்க இருக்க முடியாதுன்னு எறங்கிப் போயிட்டாங்களா?"

மணக்காத அடுக்களை

குளச்சலில் மேரி அக்காவின் வீடு. மீன் வியாபாரக் குடும்பம். பின்னறையில் எந்நேரமும் கருவாடு இருக்கும். வந்தவர்கள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறார்கள் என்று ஸ்டீபன் என்னை அனுப்பினான். சோப்புப் போட்டுக் கழுவி, எலுமிச்சை தேய்த்து, மூலைக்கு மூலை காபித்தூள் வைத்தேன். வீடு விற்கும்வரை மீன் பொரிக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். மேரி அக்கா அதை நோன்பு மாதிரிக் கடைப்பிடித்தார். அவர் கணவருக்குத்தான் என்னைக் கண்டாலே ஆகாது.

அடுத்து வீடு பார்க்க வந்த பிலோமினாளும் கடற்கரைக்காரிதான். எல்லாம் பிடித்திருந்தது. அடுக்களைக்குள் நுழைந்தவர் மட்டும் நின்று, மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார். சட்டியைத் திறந்தார், உள்ளே ரசம். மேரி அக்காவைத் தனியே கூப்பிட்டு, வீட்டில் யாருக்காவது சுகமில்லையா, கணவரோடு ஏதாவது பிணக்கா என்று விசாரித்தார். எத்தனை சொல்லியும் நம்பவில்லை. பிறகு அந்த வீடு விற்றது, மேரி அக்கா பொறுக்கமாட்டாமல் சாளை மீன் பொரித்த ஒரு மத்தியானத்தில். ஆனால் அன்றைக்குப் பிலோமினாள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னது இது:

"வாழுத வீட்டுல மீனு மணக்கண்டாமா? எனக்கு என்னவோ பயமா இருக்கு."

மேற்குச் சுவர்

புதுக்கடையில் தங்கராஜ் ஐயா தனியாக இருந்தார். மகன் துபாயில். அப்பா மார்த்தாண்டத்தில் மகளோடு போய் இருக்கட்டும், வீட்டை விற்றுவிடலாம் என்று அவன் முடிவு பண்ணியிருந்தான். ஆனால் யார் வந்தாலும் ஐயா நேரே மேற்குச் சுவருக்குக் கூட்டிப்போய், மழையில் எங்கே ஒழுகும் என்று காட்டிவிடுவார். ரெண்டு பேர் அதோடு போய்விட்டார்கள். வீட்டை விட்டுப் போக மனசில்லாமல்தான் வேண்டுமென்றே செய்கிறார் என்று மகன் போனில் என்னிடம் கத்தினான். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. கேட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. போகச் சம்மதிச்சு ரெண்டு மாசமாச்சு, பெட்டி கட்டியாச்சு, வந்து பாரு என்றார். கட்டித்தான் வைத்திருந்தார்.

அந்தச் சுவரை ஆள் வைத்துப் பூசினோம். ஐயாவைச் சாயாக்கடைக்கு அனுப்பிவிட்டு, ஒரு டீச்சரம்மாவுக்கு வீட்டைக் காட்டினேன். அன்றைக்குப் பார்த்துச் சாயாக்கடை அடைப்பு. திரும்பி வந்தவர், பூச்சு எங்கே புதுசு என்று விரலால் தட்டிக் காட்டினார். கிணறு சித்திரையில் வற்றும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். டீச்சரம்மா கைப்பையை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"குறையெல்லாம் வீட்டுக்காரரே சொல்லித் தந்தாச்சு. இனி நான் தேடதுக்கு என்ன இருக்கு? முன்பணம் எப்பத் தரணும்?"

ஹாலுக்கு நடுவே பலகை

பத்மநாபபுரத்தில் அண்ணன் முருகனும் தம்பி செல்வமும் ஒரே வீட்டில் இருந்தார்கள், ஹாலுக்குக் குறுக்கே பிளைவுட் பலகை அடித்து. அப்பாவின் திதி நாளிலிருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. வீட்டை விற்றுவிட்டு ஆளுக்கொரு திசை போவதாக முடிவு. பலகை நின்றால் எவனும் வாங்கமாட்டான் என்று ரெண்டு பக்கமும் தனித்தனியாகச் சம்மதம் வாங்கி, ஆளை வைத்துக் கழற்றினேன். நல்ல பெரிய ஹால். நடுவில் சோபாவைப் போட்டேன்.

வாங்குகிறவர் வரவேண்டிய நேரத்தில் தம்பியின் டிவியில் கிரிக்கெட். ஹாலை எட்டிப்பார்க்க வந்த அண்ணன் நின்றபடி பார்த்தார். ஒரு விக்கெட் விழுந்ததும் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். தம்பி அவர் பக்கம் திரும்பவில்லை. மிக்சர் தட்டை மட்டும் மெதுவாக நகர்த்தினார். வீடு பார்க்க வந்தவர் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் தானே உள்ளே வந்து, ஸ்கோர் கேட்டு, அவரும் உட்கார்ந்துவிட்டார். கடைசி ஓவரில் மூன்று பேரும் சேர்ந்து கத்தினார்கள். விலையைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த வீடு இன்றுவரை விற்கவும் இல்லை.

அன்றைக்குக் கிளம்பும்போது அடுக்களை வாசலில் நின்ற அண்ணன் மனைவி சரஸ்வதியைப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அந்தப் பலகையைத் தூரப் போட்டிராதிய. நாளைக்கு மேட்ச் தோத்தா எனக்கு வேணும்."

இத்தனைக்குப் பிறகும், வீடு சீக்கிரம் விற்க என்ன செய்யணும் அக்கா என்று யாராவது கேட்டால் பெயின்ட் அடியுங்கள் என்றுதான் சொல்கிறேன், என் பிழைப்பும் நடக்க வேண்டுமே.